பால் இறங்காததற்குப் பாசத்தைக் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழை நாற்பது வருடமாக வாசித்து வருகிறேன். முன்பெல்லாம் வீட்டுக்காரர் வாசித்து முடித்த பிறகுதான் என் கைக்கு வரும். இப்போது அவர் இல்லை, நானே முதல் ஆளாகப் பிரிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு இணைப்பில் ஹார்மோன்களைப் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். அதில் இரண்டு இடம் எனக்கு உறுத்தியது. ஆக்ஸிடோசினை அன்பு ஹார்மோன் என்று சொல்லி, தாய்க்குக் குழந்தைமேல் பாசம் பொங்கினால் அது சுரக்கும், அது சுரந்தால் பால் இறங்கும் என்று எழுதியிருந்தது ஒன்று. கோடையில் தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் எல்லாரும் தினமும் ஐந்து லிட்டர் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்று கடைசியில் சொல்லியிருந்தது இன்னொன்று. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தெரியும். ஆனால் இரண்டும் மூளைக்குள் ஒரே இடத்தில் போய்ச் சேருகிற சங்கதிகள். தண்ணீரைப் பிறகு பார்க்கலாம். முதலாவதால் ஒரு வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். முதலில் பேச்சிப்பாறை மலைப்பக்கம், அப்புறம் முழுக்கக் கடலோரம். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. ஆனாலும் கடற்கரை ஊர்களில் இன்னும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போன செவ்வாய்க்கிழமை அப்படித்தான் ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது. அந்தப் பெண்ணின் அம்மாவுக்கே பிரசவம் பார்த்தவள் நான். இவளுக்கு ஆப்பரேஷன் செய்து பிள்ளை எடுத்து ஏழாம் நாள். முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருக்கிறாள். பிள்ளை ராத்திரி முழுக்க அழுகிறதாம், பால் வரவில்லையாம்.

போய்ப் பார்த்தால் எட்டுக்குப் பத்து அறையில் ஒன்பது பேர். டி.வி. ஓடுகிறது. வாசலில் மீன் ஏலச் சத்தம். கட்டிலில் பிள்ளைபெற்றவள் முதுகை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், தையல் வலிக்கிறது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. மாமியார் கையில் உங்கள் இணைப்பு, அந்தப் பக்கம் தெரியும்படி நாலாக மடித்தது. "பாருங்க சிஸ்டர், பேப்பர்லயே போட்டிருக்கு. பிள்ளைமேல பாசம் இருந்தா பாலு தானா எறங்கும்லா? இவளுக்குப் பொம்பளப்பிள்ள பொறந்ததுல மனசில்ல, அதாக்கும்." அந்த மாமி கெட்டவர் இல்லை. அச்சில் வந்ததை நம்புகிறவர், அவ்வளவுதான். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வடிந்துகொண்டிருந்தது.

மார்பைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கல். அதாவது பால் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. வெளியே வரவில்லை. பால் ஊறுவது ஒரு வேலை, பால் இறங்குவது வேறு வேலை. இந்த வித்தியாசம் மாடு கறந்தவர்களுக்கு ஒரு நொடியில் புரியும், படித்தவர்களுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

மாமியாரைக் கஞ்சிக்குத் தேங்காய் துருவ அனுப்பினேன். ஒருத்தியை வெந்நீர் போட, ஒருத்தியைக் கடைக்கு. மிச்சம் பேரை ஏலம் பார்க்கப் போங்கள் என்று துரத்தினேன். டி.வி.யை அணைத்துக் கதவைச் சாத்தினேன். பழைய வேட்டித் துணியை வெந்நீரில் முக்கிப் பிழிந்து மார்பில் போட்டேன். முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்துச் சாய வைத்து, தையல்மேல் பாரம் படாமல் பிள்ளையின் காலைப் பின்பக்கம் விட்டுக் கக்கத்தில் இடுக்கினாற்போலப் பிடிக்கச் சொன்னேன். பால் பேச்சே எடுக்கவில்லை. வீட்டுக்காரர் எந்த போட்டில் போயிருக்கிறார் என்று கேட்டேன். ஆழ்கடலுக்குப் போய்ப் பதினெட்டு நாள் ஆகிறதாம், சிக்னல் இல்லையாம், மகள் பிறந்தது அவருக்கு இன்னும் தெரியாதாம். அதைச் சொல்லும்போது முதல் தடவையாகத் தோளைத் தளர்த்தினாள்.

கால் மணி நேரம் இருக்கும். அதுவரை பிள்ளை படபடவென்று வெறுமனே சப்பிக்கொண்டிருந்தது. திடீரென்று சப்பல் மாறியது. மெதுவாக, ஆழமாக, ஒவ்வொரு இழுப்புக்கும் தொண்டையில் ஒரு 'களக்'. அதே நேரம் பிள்ளை வாய் வைக்காத மறுபக்கம் ஜாக்கெட்டில் ஒரு ரூபாய் அளவுக்கு ஈரம் படர்ந்தது. அவளே குனிந்து அதைப் பார்த்தாள். "சிஸ்டர், இந்தப் பக்கமும்…" என்றாள்.

அந்தக் கால் மணி நேரத்தில் அவளுடைய பாசம் கூடிவிட்டதா? கதவைச் சாத்தினால் பாசம் கூடுமா?

என் இளைய மகள் நர்சிங் கல்லூரியில் உடலியல் பாடம் எடுக்கிறாள். அன்று ராத்திரி அவளிடம் போனில் கொதித்தேன். அவள் சொன்னதும், அவள் தந்த புத்தகங்களில் நான் முக்கி முனகிப் படித்ததும் சேர்ந்துதான் கீழே எழுதுவது.

பால் ஊறுவதற்குப் புரோலாக்டின் என்ற ஹார்மோன். ஊறிய பாலைப் பிதுக்கி விடுவதற்கு ஆக்ஸிடோசின். பால் பைகளைச் சுற்றிச் சின்னச் சின்னத் தசை செல்கள் வலை மாதிரி பின்னியிருக்கும். ஆக்ஸிடோசின் வந்து தொட்டால் அவை சுருங்கும், பால் காம்புக்கு வரும். இந்த ஆக்ஸிடோசின் ஏதோ ஒரு சுரப்பியில் நிரம்பிக் கிடந்து, அன்பு வந்ததும் குழாயைத் திறந்தாற்போல் கொட்டுகிற சரக்கு இல்லை. அதைச் செய்வது நரம்பு செல்கள். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு பகுதி. அங்கே இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கூட்டமாக, மற்ற நரம்பு செல்களைவிடப் பெரிதாக இருக்கின்றன. பார்வை நரம்புகள் ஒன்றையொன்று வெட்டிப் போகும் இடத்துக்கு மேலே ஒரு கூட்டம், சுப்ராஆப்டிக். மூளையின் நடுக் குழியை ஒட்டி இன்னொன்று, பாராவென்ட்ரிகுலர். இவை நீட்டுகிற நார்கள் கீழே பிட்யூட்டரி என்ற சுரப்பியின் பின்மடலில் போய் முடிகின்றன. மேலே செல் துடித்தால் கீழே நார் நுனியிலிருந்து ஹார்மோன் ரத்தத்தில் விழும். துடிக்காவிட்டால் விழாது. நரம்பு செல்லே சுரப்பி வேலையும் பார்க்கிறது என்று 1928இல் எர்ன்ஸ்ட் ஷாரர் என்ற ஜெர்மானியர் மீனின் மூளையைப் பார்த்துச் சொன்னபோது பலர் நம்பவில்லையாம்.

பாலூட்டும்போது அந்த செல்கள் எப்படித் துடிக்கின்றன என்பதை வேக்கர்லி, லிங்கன் என்ற இருவர் 1973இல் எழுதினார்கள். பால் கொடுக்கிற எலியின் மூளையில் மெல்லிய மின்முனையை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். குட்டிகள் விடாமல் சப்பிக்கொண்டே இருக்கின்றன. செல்களோ பெரும்பாலான நேரம் நொடிக்கு ஒன்றிரண்டு தடவை சோம்பலாகத் துடிக்கின்றன. பால் வருவதில்லை. ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஆக்ஸிடோசின் செல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மூன்று நான்கு நொடிக்குள் எழுபது எண்பது தடவை படபடவென்று துடிக்கின்றன. அடுத்த பத்துப் பதினைந்து நொடியில் எல்லாக் குட்டிக்கும் பால். பிறகு மறுபடியும் அமைதி. பெண்களிடமும் பாலூட்டும்போது ரத்தத்தில் ஆக்ஸிடோசின் இப்படி விட்டு விட்டுத்தான் ஏறுகிறது.

நம் கடற்கரையில் கரைமடி வலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். இருபது பேர் ஆளுக்கொரு நேரத்தில் கயிற்றை இழுத்தால் கை எரியும், மடி வராது. ஒருவர் குரல் கொடுக்க எல்லாரும் ஒரே மூச்சில் இழுத்தால் வரும். மூளைக்குள் அந்தக் குரலைக் கொடுப்பது யார் என்றால், அந்த செல்களே. கீழே ரத்தத்தில் விடுகிற அதே ஆக்ஸிடோசினை, தம்முடைய உடம்பிலிருந்தும் கிளைகளிலிருந்தும் பக்கத்திலும் கொஞ்சம் கசிய விடுகின்றன. அது பக்கத்து செல்லை உசுப்புகிறது, அது அடுத்ததை. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. சாதாரண நாளில் இந்த செல்களுக்கு நடுவே ஆஸ்ட்ரோசைட் என்ற துணை செல்கள் தட்டிபோல மறைத்து நிற்கும். பிரசவமும் பாலூட்டலும் நடக்கும் காலத்தில் அந்தத் துணை செல்கள் தம் கைகளை உள்ளே இழுத்துக்கொள்கின்றன, நரம்பு செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. பிள்ளை பால் மறந்ததும் தட்டி பழைய இடத்துக்கு வந்துவிடும். எலிகளில் நுண்ணோக்கியில் பார்த்தது இது.

சரி, பயமும் வலியும் எங்கே வருகின்றன? 1941இல் அமெரிக்காவில் இலி, பீட்டர்சன் என்ற இருவர் பசுக்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கறக்கிற நேரத்தில் பசுவின் முதுகில் பூனையைத் தூக்கி வைத்துவிட்டு, பத்து நொடிக்கு ஒரு காகிதப் பையை ஊதி உடைத்திருக்கிறார்கள், இரண்டு நிமிடத்துக்கு. (வாசித்தபோது சிரித்துவிட்டேன். அப்புறம் அந்த ஒன்பது பேர் அறை ஞாபகம் வந்தது.) பசு பாலை அடக்கிக்கொண்டது. சும்மா நிற்கிற பசுவுக்கு, பயந்தால் உடம்பில் சுரக்கிற அட்ரினலினை ஊசியாகப் போட்டாலும் அதே கதை. 1948இல் நியூட்டன் தம்பதி ஒரு தாயிடம் இதைப் பார்த்தார்கள். காலை ஐஸ் தண்ணீரில் வைக்கச் சொல்வது, கணக்குக் கேட்டுத் தொந்தரவு செய்வது என்று கவனத்தைக் கலைத்தபோது பிள்ளைக்குக் கிடைத்த பால் குறைந்தது. அதே தொந்தரவுக்கு நடுவே ஹார்மோன் ஊசி போட்டால் பால் மறுபடியும் வந்தது. பாலும் இருந்தது, பாசமும் இருந்தது. நடுவில் மூளை பிரேக் போட்டிருந்தது.

இதைவிடத் தெளிவான சாட்சி 1996இல் வந்தது. ஆக்ஸிடோசினே உண்டாகாதபடி மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை வளர்த்தார்கள். அவை ஒழுங்காகக் குட்டி போட்டன. குட்டிகளை நக்கின, கூட்டில் சேர்த்தன, மேலே படுத்துக் கதகதப்பு கொடுத்தன. தாய் செய்கிற எல்லாவற்றையும் செய்தன. பால் மட்டும் இறங்கவில்லை, குட்டிகள் ஒரு நாளைக்குள் செத்தன. தாய்க்கு ஆக்ஸிடோசின் ஊசி போட்டபோது குட்டிகளுக்குப் பால் கிடைத்தது. மறுபடி போன அன்று இதை அந்த மாமியிடம் நான் சொன்னபோது தேங்காய்த் துருவலைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் நின்றார்.

அன்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிள்ளை அழுகிற சத்தம் கேட்டாலே சில தாய்மாருக்கு மார்பு நனையும், ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். மூளை அந்தச் சத்தத்தைப் பழகிக்கொள்கிறது. ஆனால் அது பழக்கம், பாசத்தை அளக்கிற படி இல்லை. ஜோடி பிரியாத ஒருவகை வயல் எலிகளில் ஆக்ஸிடோசினும் வாசோபிரசின் என்ற இன்னொரு ஹார்மோனும் ஜோடி சேர உதவுகின்றன என்று கண்டார்கள். அதை வைத்துத்தான் இந்த 'அன்பு' பெயர் பரவியது. 2023இல் அதே எலியில் ஆக்ஸிடோசினை வாங்கிக்கொள்ளும் ஏற்பியை நீக்கிப் பார்த்தார்கள், அப்போதும் ஜோடி சேர்ந்தன. மூக்கில் ஆக்ஸிடோசின் பீய்ச்சினால் மனிதர்களுக்கு நம்பிக்கை கூடும் என்று 2005இல் வந்த ஆய்வும், பெரிய அளவில் திரும்பச் செய்தபோது நிற்கவில்லை. ஆக்ஸிடோசின் என்ற கிரேக்கப் பெயருக்கு அர்த்தமே விரைவான பிரசவம் என்பதுதான். 1906இல் ஹென்றி டேல் பிட்யூட்டரிச் சாறு பூனையின் கருப்பையைச் சுருக்குவதைப் பார்த்ததிலிருந்து வந்த கதை அது. பெயர் வைத்தவர்கள் அன்பைப் பற்றி யோசிக்கவே இல்லை.

வலி வர டிரிப் போடுகிறார்களே, அதுவும் ஆக்ஸிடோசின்தான். டிரிப் ஏற்றினால் பாசம் ஏறுமா என்று ஒரு அப்பா என்னிடமே கேட்டிருக்கிறார். ரத்தத்தில் ஏற்றுவது மூளைக்குள் மிகக் கொஞ்சம்தான் நுழையும், நடுவே தடுப்பு இருக்கிறது. கருப்பையைச் சுருக்கும், அதுதான் அதன் வேலை. பிரசவத்தில் மூளை செய்வதோ இன்னும் நுணுக்கமானது. கர்ப்ப காலம் முழுக்க ஹார்மோனைச் சேர்த்து வைக்கிறது, அதே சமயம் மூளைக்குள்ளேயே ஊறுகிற அபின் மாதிரிப் பொருட்களால் அந்த செல்களை அடக்கியும் வைக்கிறது. எலிகளில் அந்த அடக்குமுறையை மருந்தால் எடுத்தபோது செல்கள் வேகம் பிடித்தன. நாள் வந்து தலை கீழே அழுத்தினால் செய்தி மூளைக்குப் போகும், ஹார்மோன் வரும், கருப்பை சுருங்கும், தலை இன்னும் அழுத்தும். 1941இல் பெர்குசன் விளக்கியது இது. பெரும்பாலான ஹார்மோன் கூடினால் தன்னைத்தானே குறைத்துக்கொள்ளும், இதுவோ பிள்ளை வெளியே வரும்வரை ஏறிக்கொண்டே போகும்.

இந்த ஊசியைப் பற்றி இடையில் ஒரு வார்த்தை. என் அம்மா வீட்டில் கன்று செத்துப்போனால், அதன் தோலில் வைக்கோல் அடைத்துப் பசுவுக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். பசு நக்கும், பால் இறங்கும். பிற்காலத்தில் அந்தப் பொறுமை போய் ஆக்ஸிடோசின் ஊசி வந்தது. அந்த முறைகேட்டைத் தடுக்கிறோம் என்று 2018 ஏப்ரலில் மத்திய அரசு தனியார் கம்பெனிகள் உள்நாட்டு உபயோகத்துக்கு ஆக்ஸிடோசின் தயாரிக்கவே தடை போட்டது. டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. எனக்கு அன்று நிம்மதியாக இருந்தது. பிள்ளை பிறந்த கையோடு ரத்தம் நிற்காத பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பி குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் தயாராக இருக்கிறதா என்பதுதான் அந்த நிமிடத்தில் எல்லாமே.

இனி தண்ணீர்.

ஆக்ஸிடோசினுக்கு ஒரு தங்கை உண்டு, வாசோபிரசின். அதே ஹைப்போதலாமஸில், அதே இரண்டு கூட்டங்களில், ஆக்ஸிடோசின் செல்லுக்குப் பக்கத்து செல்லிலேயே உண்டாகிறது. இரண்டும் அமினோ அமிலம் என்ற மணிகள் ஒன்பதைக் கோத்த மாலை, இரண்டு மணி மட்டும் வேறு. வின்சென்ட் டு விக்னோ என்ற அமெரிக்க வேதியியலாளர் 1953இல் ஆக்ஸிடோசினைச் சோதனைச்சாலையில் செய்து காட்டினார். 1955இல் நோபல் பரிசு. அக்காள் பிரசவமும் பாலும், தங்கை தண்ணீரும் ரத்த அழுத்தமும்.

ரத்தத்தில் உப்பின் கனம் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடினாலே போதும், மூளைக்குத் தெரிந்துவிடும். 1947இல் வெர்னி என்ற ஆங்கிலேயர் நாய்களின் கழுத்துத் தமனியில் உப்புக் கரைசலை ஏற்றி, சிறுநீர் சட்டென்று குறைவதைக் காட்டினார். உப்பைக் கண்டுபிடிக்கிற இடம் மூளைக்குள்தான் இருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. ஹைப்போதலாமஸின் முன்னால், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பு மெலிதாக இருக்கிற இடத்தில் சில செல்கள் இருக்கின்றன. ரத்தம் கனத்தால் அவற்றிலிருந்து தண்ணீர் வெளியே போய் செல் சுருங்கும். சுருங்குவதே சமிக்ஞை. வாசோபிரசின் செல்களும் தாமே சுருங்கி இதை உணரும். உடனே வாசோபிரசின் கிளம்பிச் சிறுநீரகத்துக்குப் போய்த் தண்ணீர்க் கதவுகளைத் திறக்கும், சிறுநீருக்குப் போக வேண்டிய தண்ணீர் ரத்தத்துக்குத் திரும்பும். தாகமும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

அக்காள் செல்கள் ஒரே மூச்சாக இழுக்கும் என்றேனே, தங்கை செல்கள் அப்படி இல்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களைக் கேளுங்கள். எல்லா மரத்தையும் எல்லா நாளும் வெட்ட மாட்டார்கள். இன்றைக்கு இந்தப் பகுதி, நாளைக்கு அடுத்த பகுதி. மரம் ஓய்வெடுக்கும், ஆனால் ஷெட்டுக்குத் தினமும் பால் வரும். வாசோபிரசின் செல்லும் சில பத்து நொடி துடித்து, சில பத்து நொடி ஓய்கிறது, ஒவ்வொன்றும் வேறு வேறு நேரத்தில். ஓய்வதற்கான ஏற்பாடும் அதனிடமே உண்டு. ஹார்மோனை அடைத்த அதே நுண்பைக்குள் டைனார்பின் என்ற இன்னொரு பொருளையும் வைத்திருக்கிறது. துடிக்கத் துடிக்க அது வெளியே வந்து அதே செல்லைப் போதும் என்று அமர்த்துகிறது. இப்படி முறை வைத்து ஓடுவதால்தான் வெயில் முழுக்கக் குறையாமல் ஹார்மோன் கிடைக்கிறது.

இன்னொன்று. புத்தளம் உப்பளத்தில் வேலை முடித்து வருகிறவர் செம்பு நிறையத் தண்ணீர் குடித்ததும் "அப்பாடா" என்கிறாரே, அந்த நேரத்தில் குடித்த தண்ணீர் இன்னும் ரத்தத்தில் சரியாகச் சேர்ந்திருக்காது. வயிற்றில்தான் இருக்கும். வாயும் தொண்டையும் தகவல் சொன்னதை வைத்தே மூளை முன்கூட்டிக் கணக்குப் போட்டுத் தாகத்தை அடக்குகிறது. 2016, 2017இல் சுண்டெலிகளில் இதை நேரிலேயே பார்த்தார்கள். குடிக்க ஆரம்பித்து ஒரு நிமிடம் ஆவதற்குள்ளேயே தாக செல்கள் அடங்குகின்றன, வாசோபிரசின் செல்களும் அப்படியே. இவ்வளவு நுட்பமாக ஒரு தராசு உள்ளே இருக்கும்போது, எல்லாருக்கும் ஐந்து லிட்டர் என்று எப்படி எழுதுகிறீர்கள்? அருமனையில் ஓலைக் கொட்டகையில் பீடி சுற்றுகிற அம்மாவும், ஆரல்வாய்மொழி செங்கல் சூளையில் நிற்கிற ஆளும் ஒரே அளவா குடிக்க வேண்டும்?

அதிகமானால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பீர்கள். குமட்டல், கடும் வலி, ஆப்பரேஷன், இவை ரத்தத்தின் உப்பைப் பார்க்காமலே வாசோபிரசினை ஏற்றிவிடும். அந்த நேரத்தில் சிறுநீரகம் தண்ணீரை விடாது. மேலும் மேலும் வெறும் தண்ணீர் போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கும், தலைவலி, குழப்பம், கடைசியில் வலிப்பு. நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு மூத்த சிஸ்டர், நெடுநேரம் டிரிப் ஓடுகிற பெண்ணைக் காட்டி, "வலியை மட்டும் எண்ணாதே, மூத்திரப் பையையும் பாரு" என்றார். ஏன் என்று அன்றைக்குப் புரியவில்லை. அக்காளும் தங்கையும் ஒரே சாயல் என்பதால், ஆக்ஸிடோசின் அதிகமாகப் போனால் சிறுநீரகம் அதை வாசோபிரசின் என்று எண்ணிக் கதவைத் திறந்துவிடும். வெறும் குளுக்கோஸ் தண்ணீரோடு சேர்த்து ஏற்றினால் ஆபத்து அதிலிருக்கிறது. மகள் இதை விளக்கியபோது அந்த சிஸ்டரின் குரல் காதில் கேட்டது.

இதை வாசித்துவிட்டு யாரும் தண்ணீரைக் குறைக்கக் கூடாது. வயதானவர்களுக்குத் தாகம் மங்கிவிடும், அவர்களுக்குக் கேட்காமலே கொடுக்க வேண்டும். கல்லடைப்பு வந்தவர்களுக்கு டாக்டர் சொன்ன கணக்குத்தான் கணக்கு. வெயிலில் வேர்த்துக் கொட்டுகிறவர்களுக்கு நம் ஊர்க் கஞ்சித்தண்ணியில் உப்புப் போட்டுக் குடிக்கிற வழக்கம் இருக்கிறதே, அதை உங்கள் கட்டுரை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் நான் பாதிக் கோபத்தை விட்டிருப்பேன். மது குடித்தவருக்கு மூத்திரம் நிற்காமல் போவது ஏன் என்றும் எழுதியிருக்கலாம், சாராயம் வாசோபிரசினை அடக்கிவிடுகிறது. இரண்டு வாரம் கழித்துக் கரைக்கு வருகிற பையன்களுக்கு உபயோகமாக இருந்திருக்கும்.

நான் கேட்பது ஒரு திருத்தம்தான். பால் இறங்கத் தாமதமானால் அது தாயின் பாசக் குறைவு இல்லை என்றும், வலியும் கூட்டமும் பயமும் மூளையைத் தடுக்கும் என்றும், பிள்ளையைச் சரியாகப் பிடிக்க வைத்து அவளைக் கொஞ்சம் தனியாக விட வேண்டும் என்றும், ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும் என்றும் நாலு வரி போடுங்கள். என் பெயரைப் போட வேண்டாம். பெயர் வந்தால் அது எந்த வீடு என்று கடற்கரை முழுக்கத் தெரிந்துவிடும்.

வியாழக்கிழமை மறுபடி போய்ப் பார்த்தேன். பிள்ளைக்கு நனைந்த துணி ஒரு நாளைக்கு ஏழெட்டு, அது போதும். கிளம்பும்போது மாமி ஒரு சீப்பு மட்டிப்பழத்தை என் பையில் திணித்தார். உங்கள் இணைப்பை என்ன செய்தார் என்று கேட்டேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார், இன்னும். ஞாயிறு இணைப்பைத் தவிர வேறு பக்கம் அவர் வாசிப்பதில்லை. ஆகையால் திருத்தத்தை உள்பக்க மூலையில் போட்டுவிடாமல், அதே ஞாயிறு இணைப்பில், அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் போட வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
இரணியல், கன்னியாகுமரி மாவட்டம்.